பௌர்ணமிக்குப் பெருநகரம்: திருவண்ணாமலையில் தலை எண்ணப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

பெருநகரங்களில் மக்கள் எங்கே குவிகிறார்கள், எங்கே கலைகிறார்கள் என்று வரைபடம் போட ஆசைப்படுகிறவர்கள் நேராகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் பிடிக்கிறார்கள். வீண் செலவு. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் பெருநகரப் பகுதிக்குச் சொல்லும் கணக்கு எளிது: பத்து லட்சம் பேராவது இருக்க வேண்டும். ஆளுநரின் அறிவிக்கை ஒன்றும் வேண்டுமாம். திருவண்ணாமலையில் அந்த வேலையைப் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்கிறது. 2011 கணக்கெடுப்பில் 1,45,278 பேர் இருந்த ஊர், கார்த்திகை தீபத்தன்றும் சித்ரா பௌர்ணமியன்றும் சாயங்காலம் பெருநகரமாகி, மறுநாள் விட்டு மறுநாள் பழையபடி ஜில்லாத் தலைநகரமாகிவிடுகிறது. ஒரு நகரம் வளர்வதையும் தேய்வதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க இதைவிட வசதியான ஆய்வுக்கூடம் கிடையாது. டீயும் நன்றாக இருக்கும்.

மடிக்கணினியும் தோள்பையுமாக வந்து இறங்கும் புவியியல் மாணவர்கள், ஆலோசனை நிறுவனத்தார், புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரிகள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. உள்ளூர்க்காரர்கள் படிக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரியாத எதுவும் இதில் இல்லை.

நாள் குறிப்பது

இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கு 1872-இல் ஆரம்பித்தாலும், நாடு முழுக்க ஒரே சமயத்தில் எண்ணியது 1881 பிப்ரவரி 17-ஆம் தேதி இரவுதான். அன்று தொடங்கி 1931 வரை ஒரே ராத்திரியில் எண்ணி முடிக்கும் முறையே இருந்தது. அந்த ராத்திரியைத் தேர்ந்தெடுக்க வெள்ளைக்கார அதிகாரிகள் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. திருவிழா கூடாது, பெரிய சந்தை கூடாது, கல்யாண முகூர்த்தம் கூடாது. ஆனால் கணக்கெடுப்பவர் தெருத்தெருவாகப் போய்வர நிலா வெளிச்சம் வேண்டும். மற்ற ஊர்களுக்கு நியாயமான நிபந்தனைகள்தான். இன்றைய திருவண்ணாமலைக்கு இவற்றைப் பொருத்திப் பாருங்கள். நிலா நன்றாகக் காய்ந்தால் அன்றைக்குத் திருவிழா. திருவிழா இல்லையென்றால் அன்றைக்கு இருட்டு.

பிற்பாடு ஒரு ராத்திரி மூன்று வாரமாக நீண்டது. 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடுவீடாக எண்ணினார்கள். 28-ஆம் தேதி இரவு வீடில்லாதவர்களை எண்ணினார்கள். மார்ச் 1 முதல் 5 வரை திரும்பப் போய்ச் சரிபார்த்தார்கள். அந்த ஆண்டு மகா சிவராத்திரி மார்ச் 2. தேதி குறித்தவர்கள் பேரில் தப்பில்லை. டில்லியிலிருந்து பார்த்தால் அது ஒரு புதன்கிழமை.

2021-இல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவில் தள்ளிப்போய், அடுத்த கணக்கின் தேதி 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த பிப்ரவரியில் பௌர்ணமி 20-ஆம் தேதியை ஒட்டி வருகிறது. சிவராத்திரி மார்ச் 6. இந்த முறை கைபேசிச் செயலி உண்டு, சாதியும் கேட்பார்கள். ஊரில் எந்தச் சமயத்தில் யார் இருப்பார்கள் என்பதை மட்டும் செயலி கேட்காது.

ஆகவே நீங்கள் இரண்டு வரைபடம் போடுங்கள். ஒன்று அமாவாசைக்கு, ஒன்று பௌர்ணமிக்கு. இரண்டையும் ஒரே உறையில் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். எது சரி என்று கேட்பார்கள். இரண்டும் சரி என்று சொன்னால் உங்கள் படிப்பின் மேல் சந்தேகம் வரும். இந்த ஊரில் நிரந்தரமாகக் கட்டுவதெல்லாம் அமாவாசைக் கணக்குக்கு, தற்காலிகமாகக் கட்டுவதெல்லாம் பௌர்ணமிக் கணக்குக்கு. குடிநீர்க் குழாயின் விட்டம் முதலாவதைப் பார்த்து முடிவாகிறது. தட்டி வைத்து மறைத்த கழிப்பறையும் தற்காலிகப் பேருந்து நிலையமும் இரண்டாவதைப் பார்த்து. இதை அறிக்கையில் எழுதலாம். எழுதினால் பக்கம் கூடும், அவ்வளவுதான்.

தாள் எடுப்பதற்கு முன்

செயற்கைக்கோள் படத்தை இறக்கிக் கட்டம் கட்டமாக வெட்டும் பழக்கத்தைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே ஊரை வெட்டித் தந்திருக்கிறார்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை. அதில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். சர்வே துறையின் கல் காணாமல் போகும். இந்தக் கற்கள் போகாது. ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு பிரிவு என்று வைத்துக்கொண்டால் வேலை சுளுவு. பாதையில் நடக்கிறவர் நகராட்சி எல்லையைத் தாண்டி அடி அண்ணாமலை ஊராட்சிக்குள் போய்த் திரும்ப ஊருக்குள் வருவார் என்ற சிக்கல் முன்பு இருந்தது. 2024 ஆகஸ்ட்டில் சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்த்து ஊர் மாநகராட்சியாகிவிட்டது. நடக்கிறவருக்கு இரண்டு காலமும் ஒன்றுதான். அவருடைய கவலை அடுத்த தண்ணீர்த் தொட்டி எங்கே என்பது.

மக்கள் பரவலைக் கண்டுபிடிக்க வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதும் இல்லை. தலையை நிமிர்த்திப் பெயர்ப்பலகை படித்தால் பாதி வேலை ஆயிற்று. மாட வீதிகளைச் சுற்றி விடுதி, சாப்பாட்டுக் கடை, ஆட்டோவின் முதுகு என்று எங்கும் தெலுங்கு எழுத்து. அக்னி லிங்கம் தாண்டிச் செங்கம் சாலையில் ரமண நகர் பக்கம் வந்தால் ஆங்கிலத்தில் யோகா, பேக்கரி, வாடகைக்கு சைக்கிள். மார்கழியில் வந்து பங்குனி வெயில் ஏறும்போது கிளம்பிவிடும் வெளிநாட்டுக்காரர்களின் பேட்டை அது. பே கோபுரத்துக்குப் பின்னால், மலைப் பக்கமாக ஏறும் சந்துகளில் எழுத்தே குறையும். அங்கே இருப்பவர்கள் எதையும் விற்க வரவில்லை, குடியிருக்கிறார்கள்.

பழைய சத்திரங்களையும் மடங்களையும் விட்டுவிடாதீர்கள். சாதிக்கு ஒரு சத்திரம், சில சாதிக்கு இரண்டு. சாதிவாரிக் கணக்கெடுப்புக்குக் கோடிகோடியாகச் செலவு செய்யப் போகிறார்களே, அதற்கு முன்னோட்டமாக ஒரு ஆளை சைக்கிளில் அனுப்பி இந்தப் பலகைகளை மட்டும் எழுதிவரச் சொல்லியிருக்கலாம். எந்தச் சமூகத்துக்கு எந்தக் காலத்தில் கையில் பணம் புழங்கியது, எந்த ஜில்லாவிலிருந்து இங்கே வந்து போனார்கள், எப்போது இரண்டாகப் பிரிந்து பக்கத்திலேயே இன்னொன்று கட்டினார்கள் என்பதெல்லாம் கல்வெட்டிலும் எனாமல் பெயிண்டிலும் தேதியோடு கிடைக்கும்.

கணக்கெடுப்பாளர் கையால் போடும் உத்தேசப் படம் என்று ஒன்று உண்டு. கணக்கெடுப்பு மொழியில் அதற்கு நஜரி நக்ஷா என்று பெயர். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள்தான் போடுவார்கள். வடக்கு மேலே இருக்க வேண்டும். கல் வீட்டுக்குச் சதுரம், குடிசைக்கு முக்கோணம், கடை கோயில் போன்றவற்றுக்கு உள்ளே கோடு. ஒரு ஆசிரியைக்குச் சுமார் 125 முதல் 150 வீடுகள், அறுநூறு எழுநூறு தலைகள். மத்தியான வெயிலில் குடையைக் கக்கத்தில் இடுக்கி, நோட்டின் அட்டையைத் தொடைமேல் வைத்து அந்தச் சதுரங்களைப் போடும்போது அவர் ஒன்று கவனிப்பார்: சதுரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இரண்டு முக்கோணம் இருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டால் மாட்டுக்கொட்டாய் என்பார். கொட்டாயில் மாடு இருக்காது; டிவி ஓடும். வட்டம் சுற்றி ஆராயும் உங்கள் ட்ரோனுக்கு இது தெரிய நியாயமில்லை.

சாமியைக் கேட்பது

கணக்கெடுப்பு விதிகளில் எனக்குப் பிடித்த பகுதி வீடில்லாதவர்களைப் பற்றியது. சாலையோரம், நடைபாதை, சிமெண்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் கீழ், வழிபாட்டுத் தலத்தின் திறந்த வெளி, மண்டபம், ரயில் நடைமேடை என்று ஆள் படுக்கக்கூடிய இடங்களை ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவர் எங்கேயோ ஒரு நாள் படுத்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆசிரமத்தில் இருப்பவர் என்றால் நிறுவனக் குடும்பம்; விடுதி, சிறை, அநாதை இல்லத்தோடு ஒரே வகை. ஆசிரமத்து மதில் ஓரம் படுப்பவர் என்றால் வீடற்றவர். மதிலுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் துறவிகள்தான்; படிவத்துக்கு மதில்தான் முக்கியம்.

கிரிவலப் பாதையில் காவி உடுத்தவரை எண்ணப் போனால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

“சாமி, பேரு?”

“அண்ணாமல.”

“அப்பா பேரு?”

“அண்ணாமல.”

“சொந்த ஊரு?”

“அண்ணாமல.”

“வயசாவது சொல்லுங்க சாமி.”

சாமி மலையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். “நீயே பாத்துப் போட்டுக்கம்மா.”

படிவத்தில் ஆதார் கேட்கச் சொல்லவில்லை. ஆனாலும் டீச்சர் முகம் வாடுவதைப் பார்த்து இரக்கப்பட்டு, இடுப்பு முடிச்சிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட அட்டையை எடுத்து நீட்டுவார். அதில் வேறு பெயர், வேறு ஜில்லா, பிறந்த தேதி, தெரு, பின்கோடு எல்லாம் இருக்கும். “இது யாரு சாமி?” என்று கேட்டால், “அது பழைய ஆளும்மா” என்பார்.

இடம்பெயர்ந்த காரணம் என்று ஒரு கேள்வி உண்டு. 2011 படிவத்தில் ஏழு விடைகள்: வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், பிறந்தபின் இடமாற்றம், குடும்பத்தோடு இடமாற்றம், மற்றவை. மற்ற ஊர்களில் கடைசி விடை காலியாகக் கிடக்கும். திருவண்ணாமலையில் அதற்குத்தான் இடம் போதாது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி மதுரையிலிருந்து வந்து இறங்கிய பதினாறு வயதுப் பையன் வேலைக்கும் வரவில்லை, படிப்பை விட்டுவிட்டு வந்தவன், திருமணத்துக்குச் சுத்தமாக இல்லை. 1950 ஏப்ரலில் காலமாகும்வரை ஊரைவிட்டு நகரவில்லை. இன்று செங்கம் சாலையின் வாடகை, நிலத்தின் விலை, காபியின் விலை மூன்றையும் நிர்ணயிப்பது அந்த ஒரே ஒரு ‘மற்றவை’. நகரங்கள் வளர்வது தொழிற்சாலையால் என்று புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் ரமணாசிரம வாசலில் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

பூட்டிய வீடு இன்னொரு தலைவலி. மலை தெரியும் பால்கனி என்று விளம்பரம் செய்து விற்ற அடுக்குமாடிகளில் மாதத்தில் இருபத்தேழு நாள் வாட்ச்மேன்தான் குடித்தனம். சொந்தக்காரர்கள் சென்னையிலும் ஹைதராபாத்திலும் எண்ணப்பட்டிருப்பார்கள். கணக்கு நாளில் நீங்கள் தட்டினால் பூட்டு. பௌர்ணமியன்று போனால் ஒரு படுக்கையறை வீட்டில் பதினொரு பேர், வாசலில் இருபத்திரண்டு செருப்பு. செருப்பை எண்ணி இரண்டால் வகுக்கும் முறையைப் புள்ளியியல் நூல்கள் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. இந்த ஊரில் அதுதான் நம்பகமானது. கோயில் வாசலுக்கு மட்டும் பொருந்தாது, அங்கே ஜோடி குறையும்.

கூட்டத்தை எண்ணுவது

இந்த ஊரில் நடந்த முதல் கள ஆய்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அளக்கப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் பன்றியாகிக் கீழே தோண்டிப் போனார். அடி கிடைக்கவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். மற்றவர் அன்னமாகி மேலே பறந்து, வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்குப் பிடித்து, முடியைப் பார்த்தாயிற்று என்று அறிக்கை கொடுத்தார். பொய்க் கணக்கு கொடுத்தவருக்குக் கோயில் இல்லாமல் போனது; பொய்ச்சாட்சி சொன்ன பூ சிவபூஜையிலிருந்து விலக்கப்பட்டது. தப்பான புள்ளிவிவரத்துக்கு இவ்வளவு கடுமையான தண்டனை வேறெந்தத் துறையிலும் கிடையாது. அப்படியும் தீபத்தன்று ராத்திரி தாழம்பூவுக்குத் தட்டுப்பாடே இருப்பதில்லை.

இருபத்தைந்து லட்சம், முப்பது லட்சம், நாற்பது லட்சம் என்று செய்தி வரும். கவனியுங்கள், கடைசியில் எப்போதும் ஐந்து பூஜ்யம். ஊர்க்காரர்களை எண்ணியபோது 1,45,278 என்று கடைசி எட்டு வரை வந்தது. 2024-இல் மெக்காவுக்கு ஹஜ் சென்றவர்கள் 18,33,164 பேர் என்று சவுதி அரசு சொன்னது. அங்கே அனுமதிச்சீட்டு உண்டு, சீட்டை எண்ணினால் தலை. இங்கே யாரும் சீட்டு வாங்கிக்கொண்டு மலை சுற்றுவதில்லை. எனவே பூஜ்யம்.

சந்தேகக்காரர்களுக்கு ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்பவரின் முறை இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லிக்கொடுத்தவர். 1960-களில் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கூடிய சதுக்கத்தை மாடி அறை ஜன்னலிலிருந்து பார்த்து, தரையில் போட்டிருந்த கட்டங்களை வைத்து எண்ணினார். தளர்வான கூட்டத்தில் ஒருவருக்குப் பத்து சதுர அடி. நெருக்கமான கூட்டத்தில் நாலரை சதுர அடி. இவ்வளவுதான் அவருடைய சூத்திரம். நமக்கு மாடி ஜன்னலுக்குப் பதில் கந்தாசிரமத்துக்கு ஏறும் வழியில் பாறை இருக்கிறது. அங்கே நின்றால் கோயிலின் ஒன்பது கோபுரமும் கீழே ஊரும் விரித்துப்போட்டதுபோல் தெரியும்.

போட்டுப் பார்ப்போம். பாதை 14,000 மீட்டர். ஆட்கள் நடக்கக் கிடைக்கும் அகலம் பத்து மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். சுக்குக்காபிக்காரரும் பொம்மைக் கடையும் மன்னிப்பார்களாக. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சதுர மீட்டர். தளர்வான கூட்டம் என்றால் சதுர மீட்டருக்கு ஒருவர், அதாவது ஒரே நேரத்தில் 1.4 லட்சம் பேர். ஒரு சுற்றுக்கு நான்கு மணி நேரம். இருபத்துநாலு மணி நேரத்தில் பாதை ஆறு முறை நிறையும்: 8.4 லட்சம். நெருக்கியடித்துச் சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்றால் 16.8 லட்சம். இரண்டு நாள் இடைவிடாமல் அப்படியே நடந்தால் முப்பது லட்சத்தைத் தாண்டும். ஆகவே செய்தியில் வரும் எண் முடியாத காரியம் அல்ல. விடிகாலை மூன்று மணிக்கும் மத்தியான வெயிலுக்கும் பாதை சாயங்காலம் ஏழு மணிபோலவே நெரிந்துகொண்டிருந்தால் போதும்.

பஸ் கணக்கும் உண்டு. பஸ்ஸுக்கு அறுபது பேர் என்று வைத்தால் இருபத்தைந்து லட்சம் பேரைக் கொண்டுவந்து இறக்க நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் நடை வேண்டும். ஒரே நாளில் என்றால் இரண்டு நொடிக்கு ஒரு பஸ். கார், வேன், ரயில் எல்லாம் சேர்ந்து பாதியைச் சுமந்தாலும் நான்கு நொடிக்கு ஒன்று. போளூர் சாலையிலோ வேட்டவலம் சாலையிலோ நின்று கொஞ்ச நேரம் எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும் யாரிடமும் சொல்ல வேண்டாம். கூட்டம் குறைவு என்று சொன்னவரை அண்ணாமலையார் மன்னித்தாலும், சிறப்பு நிதிக்குக் கடிதம் எழுதியவர் மன்னிக்க மாட்டார். கூட்டத்தின் எண்ணிக்கை கூடினால் கோயிலுக்குப் பெருமை, காவல்துறைக்குப் பாராட்டு, வியாபாரிக்கு நம்பிக்கை. குறைத்துச் சொல்வதால் லாபம் யாருக்கும் இல்லை. கழிப்பறை எத்தனை போட வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவருக்குத் தவிர.

பால் கேன்

உண்மையான வரைபடம் எங்கே இருக்கிறது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஈசானிய லிங்கத்திலிருந்து பேருந்து நிலையம் போகும் பக்கம் ஏதாவதொரு டீக்கடையில் உள்ளே எட்டிப் பாருங்கள். பாய்லருக்கு மேலே, புகை ஏறிப் பழுத்த சுவரில், ஜவுளிக்கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். பௌர்ணமித் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். வட்டத்துக்குள் சின்னதாக ஒரு எண். அது பால் கேன் கணக்கு. முந்தைய மாதங்களைப் புரட்டினால் எல்லா வட்டத்திலும் எண் ஒரே மாதிரி இருக்காது. ஏன் என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை ஒரு டீ ஆற்றும் நேரத்தில் சொல்வார்.

“திதி எத்தினி மணிக்குத் தொடங்குதுன்னு பாக்கணும் சார். சாயங்காலம்னா ஒரு கணக்கு, நடுராத்திரின்னா ஒரு கணக்கு. நடுராத்திரி தொடங்குச்சுன்னா காலையில மூணு மணிக்கு ரெண்டு கேன் சேத்து வெக்கணும். சனிக்கெழம வந்தா ரெட்டிப்பு. ஆந்திராக்காரங்க ஞாயித்துக்கெழம திரும்பிடலாம்னு புள்ளகுட்டியோட வருவாங்க, புள்ளைங்க டீ குடிக்காது, வெறும் பால் கேக்கும். செவ்வாக்கெழமன்னா பெருசுங்கதான் வரும், சக்கர இல்லாம குடுக்கணும். பரீட்ச நேரம், மாசக் கடைசி, மழை, எல்லாம் பாக்கணும். தீபத்துக்கு மட்டும் கணக்கே கெடையாது, எவ்ளோ வந்தாலும் பத்தாது.”

மாறிகள் ஏழோ எட்டோ. வயதுவாரிப் பகுப்பு உண்டு. புறப்பட்ட மாநிலம் உண்டு. முன்கணிப்பு தப்பினால் பால் திரியும், நஷ்டம் அவருடையது. அதனால் தாழம்பூவுக்கு இங்கே வேலையில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பிழை விளிம்பு என்று ஒரு சதவீதம் போடுவார்களே, அதை அவர் மறுநாள் காலையில் தயிராக விற்றுவிடுகிறார்.

பச்சை நிறம்

வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும்போது ஒரு யோசனை. மலை முழுவதையும் பச்சையாக அடித்துவிடுங்கள். வனம், மக்கள்தொகை பூஜ்யம். வேலை மிச்சம். அடிவாரத்தில் ஊர் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று கோடு போடப் போனால் கை நடுங்கும். அந்தக் கோட்டின் மேலேயே தெரு இருக்கிறது, தெருவுக்கு எண் இருக்கிறது, வாசலில் கோலம் இருக்கிறது.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இடிந்து பாறையும் மண்ணும் வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தோண்டி எடுக்க நாட்கள் ஆயின.

டிசம்பர் 13-இல் தீபம். வல்லுநர்கள் வந்து பார்த்து மண் இளகியிருக்கிறது என்று சொன்னதால் அந்த ஆண்டு பக்தர்களை மலையேற விடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தீபத்தன்று மலையேற 2,500 பேருக்கு அனுமதி உண்டு. அடையாள அட்டையைப் பார்த்து, சீட்டு கொடுத்து, ஒருவர் கூடாமல் எண்ணி அனுப்புவார்கள். ஒரு நாள் மலைமேல் போகிறவர்களின் கணக்கு அவ்வளவு துல்லியம். வருஷம் முழுக்க அதே மலையின் மடியில் சமைத்துத் தூங்குகிறவர்கள் எந்தப் பாறைக்கு நேர் கீழே எத்தனை பேர் என்று கேட்டால் பச்சை நிறத்தைக் காட்டுகிறோம். ஆக்கிரமிப்பு என்று ஒரு நிறம் தனியாக வைத்துக்கொள்வதும் வழக்கம்தான். அந்த நிறத்தில் பிள்ளைகளின் வயது தெரிவதில்லை.

அறிக்கை

எழுபது பக்கத்துக்குக் குறையக் கூடாது. வழவழப்புத் தாள். அட்டையில் தீபப் படம் போடலாம், ஆனால் ராஜகோபுரம் 217 அடியும் முழுசாக வர வேண்டும். கலசம் வெட்டுப்பட்டால் வேறு எதையும் படிக்க மாட்டார்கள். முதல் பக்கத்தில் சுருக்கம். சுருக்கத்தில் எண்கள் வேண்டாம், போக்குகள் போதும். டீக்கடைக்காரரை ‘உள்ளூர்த் தகவலாளர்’ என்று அடிக்குறிப்பில் தள்ளுங்கள். செருப்பு முறையைப் பின்னிணைப்பில் வைக்கலாம். பௌர்ணமி வரைபடத்தைக் கடைசியில் மடித்துச் செருகுங்கள். விரித்துப் பார்த்தவர் இதுவரை இல்லை.

தீபத்துக்கு முந்தைய பத்து நாளில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். கொடி ஏறிவிட்டால் அலுவலகத்தில் வாங்கி வைக்க ஆள் இருக்காது. அத்தனை பேரும் பந்தோபஸ்து, குடிநீர், சுகாதாரம் என்று பாதையில் நிற்பார்கள். தை பிறந்ததும் போனால் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். அதிகாரி புத்தகத்தைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, நல்லா பண்ணியிருக்கீங்க என்று சொல்லி, மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“சரி தம்பி, வர்ற பௌர்ணமிக்கு எவ்வளவு பேர் வருவாங்க?”

மடிக்கணினியைத் திறக்காதீர்கள்.

“திதி எத்தனை மணிக்கு சார் தொடங்குது?”